“சீரமைத்துத்தான் அனுப்புகிறோம்” என்றார்கள், நம்பி ஏமாந்தேன்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இன்று காலைதான் கடையிலிருந்து கடைசிப் பதில் வந்தது: “திருகுகளைத் தொட்டுவிட்டீர்கள், இனித் திரும்பப் பெற முடியாது.” இரண்டு மாதச் சம்பளம் போட்டு வாங்கிய டெலஸ்கோப் மூலையில் நிற்கிறது.

விற்றது வானியல் கருவிகளுக்கான ஓர் இணையக் கடை. பணம் கட்டுமுன் போன் செய்தேன். எடுத்தவர், “முதலில் எதைப் பார்க்க ஆசை?” என்று பொறுமையாகக் கேட்டார். சனியின் வளையம் என்றேன். “என் வீட்டிலும் இதேதான் இருக்கிறது. உள்ளே இருக்கும் கண்ணாடி ஆடிகளை நாங்களே நேர்படச் சீரமைத்து அனுப்புகிறோம். ஸ்டாண்டில் மாட்டிப் பார்த்தால் போதும்” என்றார். அந்த ‘என் வீட்டிலும்’தான் என்னை வீழ்த்தியது. பேசி முடித்த கையோடு பணத்தை அனுப்பினேன்.

முதல் இரவு, கண் வைத்துப் பார்க்கும் வில்லையான ஐபீஸில் 25 மி.மீ. உள்ளதைப் போட்டேன். 40 மடங்கு பெரிதாகக் காட்டும், வளையம் தெரிய அதுவே போதும். தெரிந்ததோ ஓரம் கலைந்த மஞ்சள் நீள்வட்டம். நட்சத்திரங்களுக்கெல்லாம் ஒரே பக்கமாக வால். கேட்டால், “ஆடி வெளிக்காற்றின் குளிருக்கு வர வேண்டும், அரை மணி நேரம் வெளியே வையுங்கள்.” வைத்தேன். அப்புறம், “வானம் சரியில்லை.” ஒரு வாரம் கழித்து, “பின்னால் உள்ள மூன்று திருகுகளைத் திருகிப் பாருங்கள், ஆடிகள் நேராக இருக்கின்றனவா என்று காட்டும் லேசர் கோலிமேட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.” அதையும் அவர்களிடமே வாங்கினேன். அவர்கள் சொல்லித்தான் திருகினேன். இப்போது அதையே காரணம் காட்டிக் கைகழுவுகிறார்கள்!

லேசர் புள்ளி ஆடியில் பரந்து கறை போல விழுந்தது. ஏன் என்று தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. விட்டம் 114 மி.மீ., குவியத் தூரம், அதாவது ஒளி ஒரு புள்ளியில் குவியும் தூரம், 1000 மி.மீ. என்று பெட்டியில் இருக்கிறது, ஆனால் குழாய் அரை மீட்டர்கூட இல்லை. ஆடிகளால் ஒளியைக் குவிக்கும் சாதாரண நியூட்டோனியன் டெலஸ்கோப் என்றால் குழாயே ஏறக்குறைய ஒரு மீட்டர் இருக்கும். இது பேர்ட்-ஜோன்ஸ் வகை. உள்ளே குறைந்த குவியத் தூரமுள்ள கோள ஆடி, ஐபீஸ் மாட்டும் குழலான ஃபோகசருக்குள் அதை ஈடுகட்ட ஒரு திருத்த வில்லை. அந்த வில்லையைக் கழற்றாமல் லேசரை நம்பவே முடியாது. மலிவாகச் செய்யப்பட்டால் எவ்வளவு சீரமைத்தாலும் படம் கூர்மையாக வராது. இதில் ஒரு வார்த்தையாவது அந்த மனிதர் சொன்னாரா?

என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. குவியத் தூரத்தையும் குழாயின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ‘750 மடங்கு’ என்று போட்டிருந்தால் தொடாதீர்கள், 114 மி.மீ.க்கு 228 மடங்கே உச்சம். லேசரை ஃபோகசரில் மெல்லச் சுழற்றுங்கள், புள்ளி வட்டம் போட்டால் லேசரே கோணல். சீரமைத்து அனுப்புவதாகச் சொன்னால் எழுத்தில் வாங்குங்கள். முக்கியமாக, ஒரு திருகைத் தொடுவதற்கு முன்னால், ஐபீஸ் இல்லாத ஃபோகசர் வழியாக ஆடிகளைப் படம் எடுத்து வையுங்கள். அந்த ஒரு படம் இருந்திருந்தால் என் இரண்டு மாதச் சம்பளத்துக்காக இன்று வாதாடவாவது முடிந்திருக்கும்.