மலைச்சரிவுக்குப் பி.வி.சி. பைப்பா, கருப்பு ஓஸா?

ஏற்காட்டில் காபியும் மிளகும் போட்டிருப்பவர், மேலே இருக்கும் ஊற்றுத் தண்ணீரைக் கீழே தொட்டிக்கு இறக்க நினைத்தால், சேலத்துக் கடையில் காட்டுவது இரண்டுதான்: 20 அடி நீளத்தில் வரும் பி.வி.சி. பைப், சுருளாக வரும் கருப்பு எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) ஓஸ். பெரும்பாலும் விலையைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறோம். மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டும் கார்பன் அணுக்கள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலிகள். எச்.டி.பி.இ.யில் கார்பனோடு ஒட்டியிருப்பது ஹைட்ரஜன் மட்டுமே. 1933-இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த பாலிஎத்திலீன் கிளைகள் நிறைந்தது, மெத்தென்று இருக்கும். 1953-இல் ஜெர்மனியின் கார்ல் சீக்லர் கண்ட வினையூக்கி கிளை குறைந்த நேர்ச் சங்கிலியை, அதாவது எச்.டி.பி.இ.யைக் கொடுத்தது. நேராக இருப்பதால் சங்கிலிகள் நெருங்கிப் படிகமாக அடுக்கிக்கொள்கின்றன. பலம் அங்கிருந்து வருகிறது. அடுக்குகளுக்கு நடுவே ஒழுங்கில்லாமல் கிடக்கும் பகுதி, மைனஸ் 100 டிகிரிக்குப் பக்கத்தில் போனால்தான் விறைக்கும். அதனால் ஓஸ் வளையும், அடி வாங்கும், உடையாது.

பி.வி.சி.யில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் குளோரின் உட்கார்ந்திருக்கிறது. எடையில் சுமார் 57 சதவீதம் அதுதான். அந்தப் பருத்த அணு சங்கிலிகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்து அசையவிடாமல் செய்கிறது. சுமார் 80 டிகிரிக்குக் கீழே பி.வி.சி. விறைப்பான பொருள்.

ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டிலும் ஒரு துண்டு வெட்டிப் போடுங்கள். பி.வி.சி. நேராக அடியில் போய் உட்காரும், எச்.டி.பி.இ. மிதக்கும். கருப்பு ஓஸ் என்று வாங்கியது மூழ்கினால், அதில் சுண்ணாம்புப் பொடி போன்ற கலப்படம் இருக்கிறது என்று அர்த்தம். வாங்கும்போதே கடையில் செய்து பார்த்துவிடலாம்.

ஒட்டுவதில் பி.வி.சி.க்கே வெற்றி. பசையில் உள்ள கரைப்பான் மேற்பரப்பை இளக்க, இரு பக்கச் சங்கிலிகளும் பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே உடம்பு. எச்.டி.பி.இ.யில் வழக்கமான பசை எதுவும் பிடிக்காது. சூடான தட்டில் உருக்கி இணைக்க வேண்டும், இல்லையென்றால் இறுக்கும் கப்ளிங் போட வேண்டும். ஆனால் சுருளாக வருவதால் இணைப்பே குறைவு.

ஓமலூர், ஆத்தூர் பக்கம் சமவெளி வயலில் இரண்டு மூன்றடி தோண்டிப் புதைக்க முடிந்தால், யோசிக்காமல் பி.வி.சி. போடுங்கள். மலையில் கதை வேறு. பாறையில் எங்கே தோண்டுவது? பைப் வெயிலில் கிடக்கும், பாறைக்குப் பாறை தொங்கும், காட்டுமாடு மிதிக்கும். வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் பி.வி.சி.யிலிருந்து குளோரின் ஹைட்ரஜனோடு சேர்ந்து கழன்றுபோகும். நிறம் மங்கி, ஒரு நாள் மிதியில் கீறல் விடும். ஓஸில் கலந்திருக்கும் இரண்டு, இரண்டரை சதவீதக் கரித்தூள் அந்தக் கதிரை விழுங்கிச் சங்கிலியைக் காக்கிறது. கருப்பு நிறம் அழகுக்காக இல்லை.

அப்புறம் அழுத்தம். 10 மீட்டர் இறக்கத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்று வையுங்கள். 70 மீட்டர் இறக்கத்தில் கீழே வால்வை மூடினால் 7 கிலோ. 6 கிலோ அழுத்தம் தாங்கும் பைப் எந்த ரகமானாலும் போதாது. நடுவில் ஒரு திறந்த தொட்டி கட்டினால் அழுத்தம் அங்கேயே விட்டுப்போகும். வால்வைச் சட்டென்று மூடும்போது வரும் அதிர்வையும் ஓஸ் கொஞ்சம் விரிந்து வாங்கிக்கொள்ளும், பி.வி.சி. மூட்டில்தான் அந்த அடி விழும்.

ஓஸுக்கும் குறை உண்டு. காட்டுத்தீ வந்தால் உருகிவிடும். வெயிலில் நீளும்: 20 டிகிரி சூடு ஏறினால் 100 மீட்டருக்கு 30, 40 சென்டிமீட்டர். இழுத்துக் கட்டினால் இரவுக் குளிரில் சுருங்கிக் கப்ளிங்கிலிருந்து உருவிக்கொள்ளும். அதனால் வளைத்து நெளித்துத் தளர்வாகப் போடுங்கள். சரிவு முடிந்து மண் கிடைக்கும் இடத்தில் மரையுள்ள அடாப்டர் போட்டு, அதிலிருந்து பி.வி.சி.யைப் புதைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.