8894 என்ற எண் இருந்தால் அந்த ஆயிரம் டாலர் நோட்டை வாங்காதீர்கள்

பழைய அமெரிக்க நோட்டு வாங்கும் பழக்கம் உள்ளவர்கள், வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். 385 டாலர் போய்விட்டது. திரும்பி வராது.

நான் வாங்கியது 1840 டிசம்பர் 15 தேதியிட்ட ஆயிரம் டாலர் நோட்டு. மேலே 'பேங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்று இருக்கும். பழுப்பேறிய காகிதம், மொடமொடவென்று சுருக்கம், கறுப்பு மையில் கையெழுத்துகள். ஃபிரேம் போட்டு, பின்னால் ஒரு சர்டிபிகேட்டும் ஒட்டி அனுப்பினார்கள். 'அமெரிக்க அரசு வெளியிட்ட அசல் நோட்டு' என்று அதில் எழுதியிருந்தது.

அந்த ஒரு வரியே என்னை எச்சரித்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்த வங்கியின் கதை எனக்குத் தெரியும். ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்த புதிதில் செஸ்ட்நட் தெருவில் கிரேக்கக் கோயில் மாதிரி தூண்களோடு நிற்கும் அதன் கட்டடத்தைப் பார்த்ததிலிருந்துதான் இந்தச் சேகரிப்பே ஆரம்பம். 1816இல் மத்திய அரசு அதற்கு 20 வருடத்துக்கு உரிமம் கொடுத்தது. மூலதனம் மூன்றரைக் கோடி டாலர். அதில் அரசின் பங்கு ஐந்தில் ஒன்றுதான், மிச்சமெல்லாம் தனியார் பணம். உரிமத்தை நீட்டிக்கும் மசோதாவை 1832இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் தடுத்துவிட்டார். 1836இல் உரிமம் முடிந்தது.

அதோடு வங்கியை மூடவில்லை. தலைவர் நிக்கோலஸ் பிடில் பென்சில்வேனியா மாநிலத்திடம் போய் புது உரிமம் வாங்கினார். அந்த நேரம் மாநிலத்துக்குப் பணமுடை. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து பிட்ஸ்பர்க் வரை கால்வாயும் ரயில்பாதையுமாகச் சொந்தச் செலவில் போட்டு, கடனில் நின்றது. அந்தச் சட்டத்தின் தலைப்பைப் படித்தாலே பேரம் புரிந்துவிடும்: சொத்து வரியை நீக்குவது, ரயில்பாதை கால்வாய்ப் பணிகளைத் தொடர்வது, வங்கிக்கு உரிமம் தருவது, மூன்றும் ஒரே சட்டத்தில். வங்கி 20 லட்சம் டாலர் கொடுத்தது. மக்கள் மேல் வரி போடாமலேயே கால்வாய் வெட்டிவிடலாம் என்று மாநிலம் நம்பியது.

ஆக, 1840ஆம் வருட நோட்டு அரசு நோட்டே கிடையாது. பெயரில்தான் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' இருக்கிறது, உள்ளே அது ஒரு மாநிலத்தின் உரிமம் பெற்ற தனியார் வங்கி. அரசியல் சட்டப்படி மாநிலங்கள் தாங்களே காகிதப் பணம் அடிக்கக் கூடாது. அதனால் வங்கிகளுக்கு உரிமம் கொடுத்து, அவை அடித்த நோட்டுகள்தான் கைமாறின. மத்திய அரசு பெரிய அளவில் புழக்கத்துக்கு நோட்டு அடிக்க ஆரம்பித்தது 1861இல், உள்நாட்டுப் போருக்காக. இதெல்லாம் தெரிந்தும், விற்பனையாளர் ஜாக்சன் கதையையும் பிடில் கதையையும் அழகாக எழுதியிருந்ததைப் படித்து மயங்கிவிட்டேன். கதை உண்மைதான். அதை வைத்து நோட்டையும் நம்பியதுதான் தவறு.

வந்து ஒன்றரை மாதம் கழித்து, முப்பது வருடமாகச் சேகரிக்கும் அண்ணன் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஃபிரேமைக்கூடப் பிரிக்கவில்லை. எண்ணைப் பார்த்தார். "தம்பி, இதுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு உள்ளே போய் ஒரு கவரை எடுத்துவந்து மேசையில் வைத்தார். உள்ளே அதே நோட்டு, அதே தேதி, அதே எண்: 8894. "நினைவுப் பொருளா கடைகள்ல கொடுத்தது. நாடு முழுக்க இருக்கு" என்றார்.

அப்புறம் 1830களின் அசல் ஐந்து டாலர் நோட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து லென்ஸைக் கையில் கொடுத்தார். அசலில் காகிதம் மெல்லிசு, துணி மாதிரி மடங்குகிறது. செதுக்கிய தகட்டில் அச்சிட்டதால் மை லேசாக மேடு தட்டியிருக்கிறது, விரல் நுனிக்குத் தெரிகிறது. கையெழுத்து பேனாவால் போட்டது. மை பழுப்பாகிக் காகிதத்துக்குள் இறங்கி, நிப் அழுத்திய இடத்தில் கோடு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. என்னுடையதில் கையெழுத்து, எண், படம் எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே தட்டை. சுருக்கங்கள்கூட அண்ணனுடைய நகலில் இருந்தது போலவே செயற்கையாக இருந்தன. நெஞ்சு கனத்துப்போனது.

'நகல் என்று அச்சிடவில்லையே, அப்புறம் எப்படி?' என்று கேட்காதீர்கள். நகலில் அந்த அடையாளம் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1973இல்தான் வந்தது. அதற்கு முன் அடித்தவற்றில் அது இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

விற்பனையாளருக்கு எழுதினேன். திருப்பி அனுப்பும் 30 நாள் கெடு முடிந்துவிட்டதாம். விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் 'பழங்காலத் தோற்றமுள்ள ஆவணம்' என்று போட்டிருந்ததாம். தேடிப் பார்த்தேன், இருந்தது. கார்டு நிறுவனமும் அதையே காட்டிக் கைவிரித்துவிட்டது.

அசல் நோட்டில் போட்ட தேதிக்கும் அந்த வங்கி விழுந்ததற்கும் இரண்டு மாதம்கூட இல்லை. 1841 பிப்ரவரியில் கதவைச் சாத்தினார்கள். பங்கு வாங்கியவர்களின் பணம் கரைந்தது. அடுத்த வருடம் பென்சில்வேனியாவால் கால்வாய்க் கடனுக்கு வட்டி கட்ட முடியவில்லை. பத்திரம் வாங்கியிருந்த இங்கிலாந்துக்காரர்கள் கொதித்துப்போனார்கள். இப்படியொரு வரலாற்றைக் கையில் பிடிக்க ஆசைப்படுவது தப்பே இல்லை. அதற்கு இந்த விலையில் பாதிகூட வேண்டாம், அதே காலத்துச் சின்ன வங்கிகளின் அசல் நோட்டுகள் நல்ல டீலர்களிடம் கிடைக்கின்றன. வாங்கும்போது எண் தெளிவாகத் தெரியும் படம் கேளுங்கள். ஃபிரேமில் இருந்து வெளியே எடுத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். வந்த அன்றே தெரிந்தவரிடம் காட்டுங்கள். நான் ஒன்றரை மாதம் சுவரில் மாட்டி வைத்திருந்தேன்.

நேற்று ராத்திரி அதே விற்பனையாளர் இன்னொரு ஆயிரம் டாலர் நோட்டை ஏற்றியிருக்கிறார். இந்த முறை 420 டாலர். படத்தில் நோட்டைக் கையில் பிடித்திருக்கிறார், கட்டைவிரல் சரியாக எண்ணின் மேல் இருக்கிறது.