குளிர்கால விடுதி அறை: துணியை அறையிலேயே காயப்போடுவதா, டிரையரில் போடுவதா?

வெளிநாட்டில் படிக்கப் போனவர்களுக்கு முதல் குளிர்காலத்தில் துணி துவைப்பது பெரிய வேலையில்லை, காயவைப்பதுதான் வேலை. வெயிலும் இல்லை, கொடி கட்ட இடமும் இல்லை. ஒன்று, அறைக்குள் மடக்கு ஸ்டாண்டில் விரிக்க வேண்டும்; இல்லையென்றால் விடுதியின் பொது டிரையர். என் ஓட்டு டிரையருக்கு, கம்பளியைத் தவிர.

காசு, மெஷின் காலியாகும்வரை காத்திருப்பது, துணியின் ஆயுள் மூன்றிலும் ஸ்டாண்டுதான் ஜெயிக்கும். அதில் வாதமே இல்லை. ஆனால் துணியிலிருந்து கிளம்பும் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

ஒரு மெஷின் துணி, பிழிந்த பிறகும், ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீரை வைத்திருக்கும். 12 சதுர மீட்டர் பரப்பும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள அறையில் 30 கன மீட்டர் காற்று. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று தாங்குவது சுமார் 17 கிராம் நீராவி. அறை முழுவதற்கும் சேர்த்து அரை லிட்டர்தான். துணியில் இருப்பதோ அதைப்போல நான்கு மடங்கு. தாங்காதது குளிர்ந்த இடமாகப் பார்த்துப் படியும்: ஜன்னல் கண்ணாடி, வெளிச்சுவரின் மூலை, அலமாரியின் பின்பக்கம்.

அறையில் ஈரப்பதம் 60 சதவீதம்தான் என்றாலும், 15 டிகிரிக்குக் குளிர்ந்த சுவரை ஒட்டிய காற்றில் அது 80ஐ எட்டிவிடும். அந்த நிலை நாள்கணக்கில் நீடித்தாலே பூஞ்சைக்குப் போதும். சுவர் நனைந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கண்ணாடியில் முத்து முத்தாகப் பூத்திருப்பதைத் துடைக்கிறோம், அலமாரியை நகர்த்திப் பார்ப்பதில்லை. கறுப்புப் புள்ளிகள் அங்கேதான் தொடங்கும். அறையைக் காலி செய்யும்போது முன்பணம் கைக்கு முழுசாக வராமல் போக அந்த ஒரு சுவர் போதும்.

ஜன்னலைத் திறந்தால் போகாதா? போகும். வெளியே 0 டிகிரி என்றால் அந்தக் காற்றில் கன மீட்டருக்கு 5 கிராமுக்கு மேல் நீராவி இருக்காது. அறைக் காற்று ஒரு முறை முழுதாக மாறினால் 150 முதல் 200 கிராம் வெளியேறும். அப்படியானால் 2 லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு முறை! பகலெல்லாம் வகுப்பிலும் நூலகத்திலும் இருப்பவருக்கு இது நடக்கிற காரியமில்லை. ஜன்னலை லேசாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போவது இன்னும் மோசம். சுற்றியுள்ள சுவர்தான் குளிர்ந்துபோகும். ஹீட்டர் மேல் துணியைப் போர்த்துவதும் கூடாது. சூடு அறைக்குள் பரவாது, மின்சார ஹீட்டராக இருந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

டிரையரை நம்புவதென்றால் முதல் வேலை, வாஷிங் மெஷினிலேயே நிமிடத்துக்கு 1,200 அல்லது 1,400 சுற்றில் பிழிவது. டிரையர் நேரம் கண்கூடாகக் குறையும். அடுத்து, பஞ்சு வடிகட்டி. முன்னால் போட்டவர் எடுத்திருப்பார் என்று விடாதீர்கள்; அடைத்திருந்தால் சூடான காற்று ஓடாது, ஒன்றரை மணி நேரம் கழித்தும் ஜீன்ஸின் இடுப்புப்பட்டை ஈரமாகவே வரும். நீராவியைத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்க்கும் கண்டென்சர் வகை என்றால் தண்ணீர்த் தொட்டியையும் கொட்டிவிடுங்கள், நிரம்பினால் மெஷின் பாதியில் நின்றுவிடும். டிரம்மில் பாதிக்குச் சற்று மேல் போதும். போர்வை உறையின் பட்டன்களை மாட்டாமல் போட்டால் காலுறைகளெல்லாம் அதற்குள் புகுந்து உருண்டையாகி, நடுவில் ஈரம் அப்படியே தங்கிவிடும்.

வெளியே மைனஸ் 15, 20 வரை போகும் ஊர்களில் என் தீர்ப்பு அப்படியே பொருந்தாது. ஹீட்டர் ஓடும் அறையில் ஈரப்பதம் 30க்கும் கீழே இறங்கி உதடு வெடிக்கும். அங்கே நாலு சட்டையை ஸ்டாண்டில் போடுவது நல்லதே. சின்ன ஈரப்பதமானி ஒன்றை வாங்கி, 40க்கும் 60க்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

கம்பளி ஸ்வெட்டர், மெரினோ கம்பளி உள்ளாடை எதையும் டிரையரில் போடாதீர்கள். சுருங்கினால் சுருங்கியதுதான். உலர்ந்த துண்டில் பாய் போல் சுருட்டி, முழங்கையால் அழுத்தி நீரை எடுத்துவிட்டு, ஸ்டாண்டின் மேல் படுக்கையாக விரியுங்கள். தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் கை நீண்டுவிடும். ஒரு தடவைக்கு இரண்டு உருப்படி போதும், வெளிச்சுவரிலிருந்து தள்ளி.