லைட் ஸ்போர்ட் விமானத்துக்கும் கிட் விமானத்துக்கும் கடன்: ஒரு சேவையைப் பயன்படுத்தியபின் எழுதும் மதிப்பீடு

அமெரிக்காவில் சிறிய விமானம் வாங்குவோருக்கென்றே கடன் ஏற்பாடு செய்து தரும் தரகு நிறுவனங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் வழியாகக் கடன் பெற்று, தொழிற்சாலையில் கட்டப்பட்ட பழைய லைட் ஸ்போர்ட் விமானம் ஒன்றை நான் வாங்கினேன். என்னோடு ஹேங்கரை (விமானக் கொட்டகையை) பகிர்ந்துகொள்ளும் நண்பர், பாகங்களைப் பெட்டிகளாக வாங்கித் தாமே கட்டிவரும் கிட் விமானத்துக்காக அதே நிறுவனத்தை அணுகினார். இருவரும் கேட்டது ஏறத்தாழ ஒரே தொகை. இருவரின் கடன் வரலாறும் நல்லதே. ஆயினும் எனக்குக் கடன் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. பறக்கும் தகுதியை ஏற்கெனவே பெற்றுவிட்ட விமானத்தை வாங்க இச்சேவை மிகவும் ஏற்றது. ஆனால் ஒரு விமானத்தைக் கட்டத் தொடங்குபவர் இதை நம்பித் தொடங்கக் கூடாது என்பதே என் தீர்ப்பு.

லைட் ஸ்போர்ட் என்ற வகையை அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 2004ஆம் ஆண்டு உருவாக்கியது. இரண்டு இருக்கைகள், ஒரே எஞ்சின், தரையிலிருந்து கிளம்பும் விமானமாயின் அதிகபட்சம் 1,320 பவுண்டு எடை, மட்டமாகப் பறக்கையில் 120 நாட் (மணிக்குச் சுமார் 222 கி.மீ.) வேகத்துக்கு மேற்படாமை ஆகியவை அப்போது அதன் முதன்மையான வரையறைகளாக இருந்தன. இவ்வகையில் தொழிற்சாலையிலேயே முழுமையாகக் கட்டப்பட்டுச் சிறப்புச் சான்றிதழ் பெறும் விமானங்களை எஸ்-எல்.எஸ்.ஏ. என்கிறார்கள். அவற்றைப் பயிற்சிக்கும் வாடகைக்கும் விடலாம் என்பதால் வாங்குவோர் வட்டம் பெரிது; ஒரே மாதிரியில் பல விமானங்கள் விற்பனைக்கு வருவதால் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதும் எளிது. கடன் கொடுப்பவருக்கு வேண்டியவை இவை இரண்டுமே. வாங்கியவர் தவணை கட்டத் தவறினால், விமானத்தை யாருக்கு, ஏறத்தாழ என்ன விலைக்கு விற்கலாம் என்று அவரால் முன்கூட்டியே கணிக்க முடிகிறது.

விண்ணப்பத்தில் கேட்கப்பட்டவை நியாயமானவையே: வருமான வரிக் கணக்குகள், சொத்து விவரம், விமானத்தின் பராமரிப்புப் பதிவேடுகள், எஞ்சின் ஓடிய மணிநேரம், பழைய விபத்துச் சேதம் ஏதேனும் உண்டா என்ற விளக்கம். என் விமானத்தில் இருப்பது ரோட்டக்ஸ் 912 யு.எல்.எஸ். எஞ்சின். அது 2,000 மணிநேரத்தில் முழுச் சீரமைப்புக்கு வரவேண்டியது என்பதால், எஞ்சியிருக்கும் மணிநேரம் மதிப்பீட்டில் எவ்வளவு கூட்டுகிறது என்பதைத் தரகர் பொறுமையாக விளக்கினார். வாங்குமுன் செய்யும் பரிசோதனையை விற்பவரின் மெக்கானிக்கிடம் விடாமல் வேறொருவரிடம் செய்விக்கும்படி அவரே வற்புறுத்தியதையும் பாராட்டிச் சொல்ல வேண்டும்.

குறை சொல்ல வேண்டிய இடம் எழுத்துப்பூர்வமான விவரங்கள். கடன் கொடுப்பவர் ஆண்டு வட்டி வீதத்தையும் மொத்த வட்டிச் செலவையும் குறிப்பிட்ட வடிவில் தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அமெரிக்க நுகர்வோர் கடன் சட்டம், வீட்டை ஈடாக வைக்காத பெருந்தொகைக் கடன்களுக்குப் பொருந்தாது. அந்த வரம்பு 2025ஆம் ஆண்டுக்கு 71,900 டாலர். விமானக் கடன்கள் எளிதில் இவ்வரம்பைத் தாண்டிவிடுகின்றன. தாண்டியதும், கார்க் கடனில் நாம் பழகிப்போன அந்த ஒருபக்கப் பட்டியல் தானாக வந்து சேராது. எனக்கு முதலில் அனுப்பப்பட்ட மதிப்பீட்டில் மாதத் தவணையும் காலமும் மட்டுமே இருந்தன. ஆவணக் கட்டணம், பதிவுக் கட்டணம், முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்பன போன்றவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பெற்றேன். கேட்டபின் எதையும் மறைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் கேட்கத் தெரியாதவருக்கும் அதே விவரம் கிடைத்தாக வேண்டும்; சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில்தான் ஒரு நிறுவனத்தின் நேர்மை வெளிப்படுகிறது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் தரகர் 20 ஆண்டுகளையே முதலில் முன்வைத்தார். கணக்கிட்டுப் பார்ப்பதற்காக 1,00,000 டாலர் கடனுக்கு 8 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 15 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 956 டாலர், 20 ஆண்டுகளுக்குச் சுமார் 836 டாலர். மாதம் 120 டாலர் குறைவது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் ஐந்தாண்டு முடிவில் முதல் கடனில் சுமார் 78,800 டாலரும் இரண்டாவதில் சுமார் 87,500 டாலரும் பாக்கி நிற்கும். சிறு விமானம் வைத்திருப்போர் பலர் இருபது ஆண்டுகள் அதை வைத்திருப்பதில்லை; விற்கும்போது கிடைக்கும் விலை பாக்கியைவிடக் குறைந்தால் மீதியைக் கையிலிருந்து கட்ட வேண்டும். ஆகவே 15 ஆண்டுகளையே நான் தேர்ந்தெடுத்தேன்.

காப்பீட்டைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விமானத்தின் முழு ஒப்புக்கொண்ட மதிப்புக்கும் சேதக் காப்பீடு எடுக்க வேண்டும், இழப்பீட்டில் கடன் கொடுத்தவரின் பெயரும் இடம்பெற வேண்டும் என்பதோடு, காப்பீட்டு நிபந்தனையை விமானி மீறினாலும் கடன் கொடுத்தவருக்குப் பணம் கிடைக்க வழிசெய்யும் கூடுதல் விதி ஒன்றையும் கடன் ஒப்பந்தம் கேட்கிறது. காப்பீட்டில் பெயரில்லாத ஒருவர் ஓட்டி விபத்துக்குள்ளானாலோ, விமானியின் தகுதி காலாவதியாகியிருந்தாலோ, உரிமையாளருக்கு ஒரு டாலரும் கிடைக்காமல் போகலாம்; கடன் கொடுத்தவர் மட்டும் இவ்விதியால் தம் பாக்கியைப் பெற்றுக்கொள்வார். அதோடு கதை முடிந்தது என்று உரிமையாளர் எண்ணிவிடக் கூடாது, ஏனெனில் கடன் கொடுத்தவருக்குக் கொடுத்த தொகையைக் காப்பீட்டு நிறுவனம் உரிமையாளரிடமிருந்தே வசூலிக்க முற்படலாம். பிரீமியத்தில் ஒரு பகுதி வங்கியைக் காப்பதற்காகவே செல்கிறது என்பதை விமானத்தின் மாதச் செலவைக் கணக்கிடும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தத்தில் நான் கவனித்த மற்றொரு நிபந்தனை, கடன் கொடுத்தவரின் சம்மதமின்றி விமானத்தின் சான்றிதழ் வகையை மாற்றக் கூடாது என்பது. எஸ்-எல்.எஸ்.ஏ. விமானத்தில் மாற்றங்கள் செய்யப் பொதுவாக உற்பத்தியாளரின் அனுமதி தேவைப்படுகிறது. உற்பத்தியாளர் தொழிலை விட்டுவிட்டால், பரிசோதனை வகை என்ற வேறு சான்றிதழ் கொண்ட லைட் ஸ்போர்ட்டாக மாற்றிக்கொள்வதே பல உரிமையாளர்களுக்கு வழி. அப்படி மாற்றினால் பராமரிப்பு எளிதாகும், ஆனால் வாடகைக்கு விடும் தகுதி போய்விடும். ஈட்டின் மதிப்பும் அதற்கேற்பக் குறையும். கடன் கொடுப்பவரின் அச்சம் நியாயமானது என்றாலும், உற்பத்தி நின்றுபோன மாதிரியை வாங்குபவர் இந்த வரியைத் திருத்தி எழுதச் சொல்லிவிட்டே கையெழுத்திட வேண்டும். நான் கேட்டபோது, நியாயமான காரணமிருந்தால் சம்மதத்தை மறுப்பதில்லை என்ற சொற்றொடரைச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இனி நண்பரின் கிட் விமானத்துக்கு வருகிறேன். வீட்டில் கட்டும் விமானம் பரிசோதனை வகைச் சான்றிதழைப் பெற, அதன் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவர்களே கட்டியிருக்க வேண்டும். 51 சதவீத விதி என்று எல்லோரும் குறிப்பிடுவது இதைத்தான். கட்டுமானம் முடியும் தறுவாயில்தான் பொதுவாக விமானம் எஃப்.ஏ.ஏ. பதிவேட்டில் ஏறுகிறது. அதுவரை அது அலுமினியத் தகடுகளும் ரிவெட்டுகளும் நிறைந்த பெட்டிகளே. ஓக்லஹோமா சிட்டியில் உள்ள விமானப் பதிவகத்தில் அடமானத்தைப் பதிய அங்கே ஒரு விமானம் இல்லை. மாநில அளவில் பொருள்களின் மீது உரிமை பதியலாம் என்றாலும், பாதி கட்டிய இறக்கையை விற்றுக் கடனை மீட்கும் எண்ணம் எந்த வங்கிக்கும் உவப்பானதாக இராது. எஃப்.ஏ.ஏ. சான்றிதழும், அதன்பின் 25 அல்லது 40 மணிநேரச் சோதனைப் பறத்தலும் முடிந்தபின் வாருங்கள், அப்போது பேசலாம் என்பதே நண்பருக்குக் கிடைத்த பதில். கட்டுபவருக்குப் பணம் மிகத் தேவைப்படும் ஆண்டுகள் அனைத்தும் அதற்கு முன்பே கழிந்துவிடுகின்றன.

அந்த ஆண்டுகளைக் கடக்கச் சிலர் வீட்டின் மீது கடன் வாங்குகிறார்கள். அதற்கு நுகர்வோர் கடன் சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் உண்டு. கையெழுத்திட்டபின் மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமையும் உண்டு. ஆனால் வீட்டை வாங்கவோ கட்டவோ மேம்படுத்தவோ செலவழிக்காத கடனின் வட்டிக்கு 2018 முதல் வரிக் கழிவு கிடையாது. அதைவிட முக்கியமாக, ஹேங்கரில் ஏற்படும் தாமதத்துக்குக் குடும்பம் வாழும் வீடு ஈடாகிறது. இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பல கிட் நிறுவனங்கள் வால், இறக்கை, உடல், இறுதிப் பணிகள் என்று தனித்தனிப் பெட்டிகளாக விற்கின்றன. ஒன்றைக் கட்டி முடித்துப் பணம் சேர்ந்ததும் அடுத்ததை வாங்குவதும், எஞ்சினையும் கருவிப் பலகையையும் கடைசிவரை தள்ளிப்போடுவதுமே கட்டுபவருக்கு உகந்த நிதித் திட்டம். எஞ்சினுக்கு மட்டும் கிரெடிட் யூனியன் என்னும் கூட்டுறவுக் கடன் நிறுவனத்தில் குறுகிய காலத் தனிநபர் கடன் வாங்கலாம்.

கிட் நிறுவனத்துக்குக் கட்டும் முன்பணத்தைச் சிறிதாக வைத்திருக்கவும் இம்முறை உதவுகிறது. ஆர்.வி. வரிசைக் கிட்டுகளை விற்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட், இத்துறையின் மிகப் பெரிய பெயர்களுள் ஒன்றாக இருந்தும், 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரி மனு செய்தது. முன்பணம் கட்டியிருந்தவர்கள் உயர்த்தப்பட்ட விலைக்கு ஒப்புக்கொண்டால்தான் கிட் கிடைக்கும் என்ற நிலை உருவானது. நிறுவனம் 2024இல் மறுசீரமைப்பு முடித்துத் தொடர்ந்து இயங்குகிறது என்பது மகிழ்ச்சியே. எனினும் கடன் வாங்கிப் பெருந்தொகையை முன்பணமாகக் கட்டியிருந்தவர், கையில் தகடு ஒன்றும் வராத மாதங்களுக்கும் வட்டி கட்டியிருப்பார்.

பிறர் கட்டி முடித்துப் பறந்துகொண்டிருக்கும் கிட் விமானத்தை வாங்குவதற்கு இந்தத் தரகர் கடன் ஏற்பாடு செய்து தருகிறார். வாங்குபவர் தம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு அதிகம், கட்டுமானப் பதிவேடும் புகைப்படங்களும் கேட்கப்படுகின்றன. ஆண்டுப் பரிசோதனையைத் தாமே செய்துகொள்ளக் கட்டியவருக்கு அனுமதி தரும் பழுதுபார்ப்பவர் சான்றிதழ் வாங்குபவருக்கு மாறாது என்பதால், ஆண்டுப் பரிசோதனைக்குத் தகுதிபெற்ற மெக்கானிக் ஒருவருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதையும் தவணையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

லைட் ஸ்போர்ட் வகையைத் திருத்தி 2025 ஜூலையில் எஃப்.ஏ.ஏ. அறிவித்த மோசைக் என்னும் புதிய விதிகள் இக்கணக்கை இன்னும் மாற்றுகின்றன. எடை வரம்புக்குப் பதிலாக, விமானம் எந்த வேகத்துக்குக் கீழே உயர்த்தும் விசையை இழக்கிறது என்பதே அளவுகோலாகிவிட்டதால், கார் ஓட்டுநர் உரிமத்தையே மருத்துவத் தகுதியாகக் கொண்டு பறக்கும் ஸ்போர்ட் பைலட்டுகள் (எளிய விமானி உரிமம் பெற்றவர்கள்) 2025 அக்டோபர் முதல் செஸ்னா 172 போன்ற பழைய நான்கு இருக்கை விமானங்களையும் ஒரு பயணியோடு ஓட்டலாம். பழைய லைட் ஸ்போர்ட் விமானங்களுக்கு இதுவரை இருந்த தனிச் சந்தை இனி அவ்வளவு உறுதியாக இராது என்று கருதுகிறேன். நீண்ட காலக் கடனுக்கு எதிரான என் எண்ணத்தை இது மேலும் வலுப்படுத்துகிறது. தரகரின் விளக்கக் குறிப்புகளில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கடன் அடைந்தபின் நடக்க வேண்டியதிலும் கவனம் தேவை. தவணைகள் முடிந்துவிட்டதால் மட்டும் ஓக்லஹோமா சிட்டியில் பதிந்த அடமானம் நீங்காது. கடன் கொடுத்தவர் விடுவிப்புப் படிவத்தில் கையெழுத்திட்டு அங்கே அனுப்ப வேண்டும். நான் வாங்கிய விமானத்தின் பதிவேட்டில், முந்தைய உரிமையாளர் எப்போதோ அடைத்துவிட்ட கடன் ஒன்று நீக்கப்படாமல் இருந்தது. தரகரின் உரிமை ஆய்வுதான் அதைக் கண்டுபிடித்தது. பழைய வங்கியிடமிருந்து விடுவிப்பு வந்து சேரும்வரை பணத்தை மூன்றாம் தரப்பின் கணக்கில் நிறுத்தி வைத்ததும் அவர்களே. என் கடனுக்கான விடுவிப்பைக் கடைசித் தவணைக்குப் பின் எத்தனை நாட்களுக்குள் அனுப்புவார்கள் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறேன்.