ஸ்டோரிவீவரும் எங்கள் வீட்டுப் புத்தகமும்

என் சின்னவன் ஜனவரியில் முதலாம் ஆண்டுக்குப் போனான். நாங்கள் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை என்ற ஊரில் இருக்கிறோம். அவன் படிப்பது பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் ஒன்று. சின்ன பாலர் பள்ளியில் இருந்தவனுக்குப் பெரிய பள்ளி என்றாலே வயிற்றைக் கலக்கியது. நவம்பரிலேயே ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொண்டு, “அங்க என்னை யாருக்கும் தெரியாதேம்மா” என்பான்.

முதலில் ஒரு கடையில் 38 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, பள்ளியின் முதல் நாளைப் பற்றிய ஆங்கிலப் படக்கதை ஒன்று வாங்கினேன். கெட்டி அட்டை, அழகான ஓவியங்கள். ஆனால் அதில் பிள்ளைகள் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு பனியில் நடந்து போகிறார்கள். இரண்டு தடவை கேட்டுவிட்டு, “இது நம்ப ஸ்கூல் இல்ல” என்று மூடிவிட்டான்.

அப்புறம்தான் ஸ்டோரிவீவர் பக்கம் போனேன். இந்தியாவில் பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கமில்லாத பதிப்பகம் 2015இல் தொடங்கிய இணையதளம் இது. சிறுவர் படக்கதைகள் அனைத்தும் இலவசம், தமிழிலும் நிறைய இருக்கின்றன. வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையில் பக்கத்துக்கு ஓரிரு வரிகள்தான். கதைகளை இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். எனக்கு இதுதான் பெரிய உதவி. நான் இரவு ஷிப்டுக்குப் போகும் நாள்களில் கதை சொல்வது என் அம்மா. கைப்பேசித் திரையில் வாசிக்க அவருக்குக் கண் ஒத்துழைக்காது. போட்டோஸ்டெட் கடையில் வண்ணப் பிரதி ஒரு பக்கம் 1 வெள்ளி. ஐந்து கதைகளை அடித்துக் கட்டி வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கதைகளில் வரும் பள்ளிகள் இந்தியப் பள்ளிகள். சீருடை வேறு, சாப்பிடும் இடமும் வேறு. ஆனாலும் பாட்டியின் வாயால் தமிழில் கேட்டபோது அவன் கதையை நிறுத்தி நிறுத்திப் பேசினான். ஒரு படத்தில் ஒரு பையன் வாசலருகே தனியாக நிற்கிறான், அவ்வளவுதான். இவன் அதில் விரலை வைத்து, “இவனுக்கு ஒண்ணுக்கு வருது பாட்டி. டீச்சர்கிட்ட கேக்கப் பயம்” என்றானாம். கதையில் அப்படி ஒரு வரியே இல்லை. இரண்டு மாதமாக நான் கேட்டும் சொல்லாததை அந்தப் பையனின் மேல் ஏற்றிச் சொல்லிவிட்டான். படக்கதையால் என்ன பயன் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

பயம் எதுவென்று தெரிந்ததும் அதற்கே ஒரு புத்தகம் செய்தேன். பள்ளியின் அறிமுக நாளில் ஆசிரியையிடம் அனுமதி கேட்டு, வாசல், வகுப்பறை, கேண்டீன், அப்புறம் கழிவறை எல்லாவற்றையும் படம் எடுத்தேன். குந்தி உட்காரும் கழிவறை, பக்கத்தில் குழாய், எதையும் விடவில்லை. பன்னிரண்டு பக்கம். ஒரு முழுப் பக்கத்தில் பெரிய எழுத்தில், “டீச்சர், நான் கழிவறைக்குப் போகலாமா?” அந்தப் பக்கம் வந்தால் பாட்டிதான் டீச்சர், அவன் கையைத் தூக்கிக் கேட்க வேண்டும். இப்படித் தினமும் நடந்தது.

ஸ்டோரிவீவரிலேயே புதுக் கதை உருவாக்கவும் வசதி இருக்கிறது. அவர்களுடைய படங்களையோ நம் சொந்தப் படங்களையோ வைத்து எழுதலாம். ஆனால் அங்கே வெளியிடும் கதை திறந்த உரிமத்தில் போகும், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். பொதுவான கதைக்கு அது நல்லதுதான். பிள்ளையின் முகமும் பள்ளியின் பெயரும் தெரியும் படங்களை மட்டும் தயவுசெய்து ஏற்றாதீர்கள். நான் வீட்டுக் கணினியிலேயே செய்து அச்சடித்தேன்.

முதல் நாள் வாசலில் அழுதான். மூன்றாம் நாள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து, “கேட்டேன்மா, போகச் சொன்னாங்க” என்றான். அன்று நான் அழுதேன்.

ஒரு தவறும் செய்தேன். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே தடுப்பூசி போடுவார்கள். அதற்காக ஒரு பக்கம் சேர்த்து, “எறும்பு கடித்த மாதிரிதான்” என்று எழுதிவிட்டேன். ஊசி போட்ட அன்று, “எறும்பு இப்படிக் கடிக்காது” என்று சொல்லிவிட்டு இரவு வரை புத்தகத்தைத் தொடவே இல்லை. நான் மன்னிப்புக் கேட்டு, அந்த வரியை அவன் கண்ணெதிரே அடித்துவிட்டு, “வலிக்கும். கொஞ்ச நேரத்தில் குறையும். அழலாம்” என்று பேனாவால் எழுதினேன். “அழலாம்” என்ற சொல்லுக்கு அவனே கட்டம் போட்டான்.

அடுத்து பல் தாதிகள் பள்ளிக்கு வருவார்கள். பல் பற்றிய கதைகளை ஸ்டோரிவீவரில் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சாய்வு நாற்காலியை மட்டும் நான்தான் எங்காவது படம் எடுக்க வேண்டும். அது எப்படிச் சாயும் என்று இப்போதே கேட்கிறான்.