கூட்ஸ் வண்டிகளுக்கு ஒரே லென்ஸ்: கேனான் 55-250 எஸ்டிஎம் நீண்டகால அனுபவம்

சரக்கு ரயில்களைப் படமெடுக்க ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால், தயங்காமல் கேனான் 55-250 மி.மீ. எஸ்டிஎம் ஜூம் லென்ஸைத்தான் சொல்வேன். ஜோலார்பேட்டை - சேலம் பாதையில் சில வருடங்களாக இது ஒன்றைத்தான் கேமராவில் மாட்டியிருக்கிறேன்.

கூட்ஸின் அழகே அதன் நீளம்தான். 58 நிலக்கரி வேகன்கள் கோத்த ரேக் (ஒரு முழு வேகன் தொடர்) அரை கிலோமீட்டரைத் தாண்டும். கிட்டத்தில் நின்று எடுத்தால் இன்ஜின் மட்டும் பெரிதாகத் தெரியும், மற்றதெல்லாம் சுருங்கிப்போகும். தள்ளி நின்று ஜூமை 250 மி.மீ.-இல் வைத்து, வளைவில் திரும்பும்போது எடுத்துப் பாருங்கள். வேகன்கள் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு வரும், பாரம் கண்ணுக்கே தெரியும். சிறிய கிராப் சென்சார் கொண்ட கேமராவில் இந்த 250, பெரிய ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் 400-க்குச் சமம். 31-இல் தொடங்கும் டபிள்யூஏஜி-9 மின்சார சரக்கு இன்ஜின் எண்ணா, 27-இல் தொடங்கும் டபிள்யூஏஜி-7 எண்ணா என்று தூரத்திலிருந்தே படித்துவிடலாம்.

அதனால் தண்டவாளத்தை நெருங்கும் தேவையே இல்லை. பிளாட்பார முனை, சாலை மேம்பாலம் போதும். ரயில்வே நிலத்தில் அத்துமீறி நுழைந்தால் ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ கிடைக்கலாம். மேம்பாலத்தில் மோனோபாடை (கேமராவைத் தாங்கும் ஒற்றைக்கால் கம்பு) வெளியே நீட்டவே கூடாது. கீழே கம்பியில் இருப்பது 25,000 வோல்ட்.

முழு ஜூமில் லென்ஸ் திறப்பு எஃப் 5.6 தானே, வெளிச்சம் போதாதே என்று பலர் தயங்குகிறார்கள். நேரெதிரே வரும் கூட்ஸுக்கு ஷட்டர் வேகம் 1/500 விநாடி போதும், பக்கவாட்டில் 1/1000. காலை வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400-க்குள் முடிந்துவிடும். பொழுது சாய்ந்த பிறகு மட்டும் இதை நம்ப வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் பொம்மிடி. காலையில் சேர்வராயன் மலைமேல் வெயில் விழும்போது அந்தப் பக்கம் பார்த்து நின்றால், சேலத்திலிருந்து வரும் வண்டிகளின் முகம் கிடைக்கும். எண்ணூரிலிருந்து மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குக் கரி ஏற்றிப்போகும் ரேக்குகள் எதிர்த்திசையில் போவதால், மலையோடு சேர்த்து எடுத்தால் கடைசியில் இருக்கும் பிரேக் வேன்தான் (கார்டு பெட்டி) படத்தில் வரும். மலை வேண்டும் என்றால் காலி ரேக் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். கூட்ஸுக்குக் கால அட்டவணையும் கிடையாது, எக்ஸ்பிரஸ் வந்தால் பக்கத்து லூப் லைனில் வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். அந்தக் காத்திருப்பில் லென்ஸின் 375 கிராம் எடை எவ்வளவு பெரிய உதவி என்று தோள்பட்டைக்குத் தெரியும்.

கரி வேகன்கள் ஃப்ரேமை நிறைத்தால் கேமரா இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். ஹெட்லைட் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரில் ஒரு ஸ்டாப்பில் (வெளிச்ச அளவின் ஒரு படி) மூன்றில் இரண்டு பங்கு குறைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

வெயில் ஏறிய பிறகு 200-க்கு மேல் ஜூம் செய்து பயனில்லை. ஜல்லியிலிருந்து எழும் வெப்பக் காற்றில் இன்ஜின் முகமே நெளியும். எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் இதற்கு மருந்து கிடையாது. அந்த நேரத்தில் 100-க்குள் வைத்து, வண்டி கிட்டே வரும்வரை பொறுத்திருந்து எடுக்கிறேன்.

ஜூம் செய்யும்போது குழல் நீளும், தூசுத் தடுப்பும் இல்லை. சிமென்ட் இறக்கும் கூட்ஸ் ஷெட் பக்கம் போனால் லென்ஸை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள், அங்கே கழற்ற வேண்டாம். லென்ஸ் முகப்பில் வெயில் படாமல் மறைக்கும் ஹூட் பெட்டியோடு வராது. இடி-63 என்று கேட்டுத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.