கருவிக்குக் குறையில்லை, கூட வந்த தாள்தான்: வயர்லெஸ் பிரிட்ஜ் அனுபவம்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் எங்கள் மாடியிலிருந்து கடலோரம் இருக்கும் மச்சானின் கருவாட்டுக் கொட்டகைக்கு, ஃபைபர் போகாத இடத்துக்கு, 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பிரிட்ஜ் ஒரு ஜோடி, அதாவது வயர் இல்லாமல் இன்டர்நெட்டைக் கடத்தும் இரண்டு பெட்டிகள், சில வருடங்களாக ஓடுகிறது. ஆடிக் காற்றிலும் கேமரா நின்றதில்லை. தூத்துக்குடி வியாபாரிக்கு வீடியோ காலிலேயே சரக்கைக் காட்டி விலை பேசுகிறார் மச்சான். கருவியை யாருக்கும் தயங்காமல் சொல்வேன். அதோடு வந்த வழிகாட்டித் தாளைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

நாலாக மடித்த தாள், நிறையப் படம். "கணினியின் ஐபியை அதே செக்மெண்டுக்கு மாற்றவும்" என்று ஒரு வரி. எதற்கு, எப்படி என்று கிடையாது. ஐபி என்பது நெட்வொர்க்கில் ஒரு கருவியின் முகவரி. பெட்டியின் முகவரி 192.168.1.20 என்றால் லேப்டாப்புக்கு 192.168.1.50 மாதிரி ஒன்றைக் கையால் போட்டு, சப்நெட் மாஸ்க் (முகவரியில் எதுவரை ஒன்றாக இருந்தால் ஒரே செக்மெண்ட் என்று சொல்வது) 255.255.255.0 கொடுக்க வேண்டும். அப்போதுதான் பிரவுசரில் பெட்டியின் பக்கம் திறக்கும். இதை எழுத ரெண்டு வரி போதும்.

அதைவிடப் பெரிய ஓட்டை: இரண்டு பெட்டியும் ஒரே முகவரியோடு வருகின்றன, சேர்த்து ஓட்டினால் மோதிக்கொள்ளும். முதல் பெட்டியை முடித்து முகவரியை மாற்றிய பிறகுதான் அடுத்ததற்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். இந்த வரிசை தாளில் எங்கேயும் இல்லை. நாடு எது என்று கேட்கும் திரையில் இந்தியாவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னவர்கள், காரணம் சொல்லவில்லை. எந்த அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்பது நாட்டுக்கு நாடு வேறு. இங்கே 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி 2018-ல்தான் உரிமம் இல்லாமல் திறந்துவிடப்பட்டது.

அதனால் தமிழில் ஒரு பக்கம் எழுதி, லேமினேட் போட்டுக் கொட்டகைச் சுவரில் மாட்டினோம். ஒவ்வொரு படிக்குக் கீழேயும் "இப்போது என்ன தெரிய வேண்டும்" என்று ஒரு வரி. அது போதவில்லை என்று மருமகன் போனில் சொல்லிவிட்டான்.

"மாமா, அடாப்டர்ல ரெண்டு ஓட்டை இருக்கு. எதுல சொருகணும்?"

லேன் (லேப்டாப் பக்கம்), பிஓஇ (நெட்வொர்க் வயரிலேயே பெட்டிக்கு மின்சாரமும் போகும் பக்கம்) என்று குட்டி எழுத்தில் இருக்கும். கொட்டகை வெளிச்சத்தில் யார் படிப்பது? பிஓஇ ஓட்டையில் 24 வோல்ட் வருகிறது, அதில் லேப்டாப்பைச் சொருகினால் போர்ட்டே போகலாம். அடுத்த பிரதியில் மேலே பெட்டிக்குப் போகும் வயருக்குச் சிவப்பு டேப், அந்த ஓட்டைக்கும் சிவப்பு நெயில் பாலிஷ். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

சிக்னலுக்குத் தாள் காட்டுவது பச்சை விளக்குகள் மட்டும். பெட்டியின் பக்கத்துக்குள்ளே மைனஸ் எண்ணாக டிபிஎம், அதாவது சிக்னல் பலத்தின் அளவு, தெரியும். மைனஸ் 55 நல்லது, மைனஸ் 80 மோசம்; மைனஸை விட்டுப் பார்த்தால் எண் சின்னதாக இருப்பதுதான் நல்லது என்பது புதியவருக்குப் பிடிபடாது, எழுதித்தான் ஆக வேண்டும். நடுவில் பனையோலை வளர்ந்து மறைத்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது இந்த எண்தான்.

உப்பைப் பற்றித் தாளில் ஒரு சொல் இல்லை. ஐபி65 என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். அது தூசிக்கும் பீய்ச்சும் தண்ணீருக்கும் கொடுக்கும் சான்று, உப்புக்கு அல்ல. ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் ஆர்ஜே45 (நெட்வொர்க் வயர் முனையில் இருக்கும் கனெக்டர்) பின்கள் பச்சை பூத்துவிடும். முதலில் கனெக்டரை மாற்றியபோது பின்களின் மேல் பாசி மாதிரி படிந்திருந்தது. இப்போது பின்னில் சிலிக்கோன் கிரீஸ் தடவி, வயர் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு விட்டு, தண்ணீர் அங்கேயே சொட்டும்படி கட்டியிருக்கிறோம். வெயில் தாங்கும் கறுப்பு உறை, சுத்தச் செம்பு கேபிள். விலை கூடத்தான்.

கம்பெனிக்கும் எழுதிப் போட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வந்தது. ராமநாதபுரத்தில் பெட்டி வாங்கிய கடைக்காரர்தான் எங்கள் தாளை ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு ஜோடியோடும் கொடுக்கிறார். நெயில் பாலிஷும் அவரே பூசிவிடுகிறாராம்.